ஆணிப்பெட்டி விளக்கு

நடு அறையில் அரிசி எடுக்கப் போன சுந்தரம்மாள், பலகைமேல் இருந்த பெட்டியில் ஓர் ஆணி கூடுதலாக இருப்பதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர அது உடனே மண்டையில் ஏறவில்லை. அவளுக்கு இப்போதெல்லாம் எதுவுமே உடனே ஏறுவதில்லை. முறத்தில் அரிசியைக் கொட்டி, பானையை மூடி, நிலைப்படியைத் தாண்டப் போகும்போதுதான் கால் நின்றது. திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் முகத்தில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தின் நடுவே, அவள் கையாலேயே குத்திய மஞ்சள் ஆணிகள் விளக்குச் சுடரின் வடிவத்தில் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே, ஓரமாக, வெள்ளையாக இன்னொன்று இருந்தது.

மகள் முப்பிடாதியின் வேலை என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பலகை அந்தப் பிள்ளைக்கு எட்டாது. காலையில் தூசி தட்டும்போது அந்த ஆணி அங்கே இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போய் அரைநாள் ஆகிறது. சரி, நம் கண்ணில்தான் கோளாறு என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு, எக்கி, அதைப் பிடுங்கினாள். காகிதம் ‘பொட்’டென்று விட்டது. கையில் வந்த ஆணி வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டியின் வயரோ சுருட்டி வைத்தபடி பலகையின் ஓரத்தில் கிடந்தது.

அந்தப் பெட்டி முப்பிடாதியின் விளையாட்டுச் சாமான். சிங்கப்பூரை விட்டு ஊரோடு வந்துவிட்ட மைதீன் பாட்சா, தன் பிள்ளைகள் விளையாடித் தீர்த்ததை, தன்னுடைய விசைத்தறி செட்டில் வேலை பார்க்கும் பெத்துராஜிடம் கொடுத்தனுப்பினார். பெத்துராஜ் சுந்தரம்மாளின் புருசன். பெட்டிக்குள் ஒரு பல்பு, முன்பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி துளைகள். துளைகளின்மேல் கறுப்புக் காகிதத்தை வைத்து மூடிவிட்டால் வெளிச்சம் வெளியே வராது. பிறகு கண்ணாடி மாதிரி இருக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஆணிகளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று எடுத்து, காகிதத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே செருக வேண்டும். செருகிய ஆணியின் தலை மட்டும் எரியும். அப்படிக் குத்திக்கொண்டே போனால் இருட்டில் ஒரு கிளி வரும், ஒரு பாய்மரக் கப்பல் வரும், தொப்பி போட்ட ஒரு கோமாளி வருவான். ஒரு காகிதத்தில் ஒரு படம்தான் வரும், குத்திய துளை மறுபடி மூடாது. வந்த காகிதமெல்லாம் தீர்ந்த பிறகு, போட்டோ ஸ்டுடியோவில் படத்தாள் சுற்றி வரும் கறுப்புக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வந்தான் பெத்துராஜ்.

தெருவில் யார் வீட்டிலும் டி.வி. கிடையாது. போன வருசம், எண்பத்து மூன்றில், ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் முப்பிடாதி அந்தப் பெட்டியில் கோபுரம் ஒன்றைக் குத்தி வைத்தாள் பாருங்கள், தெருவே வந்து நின்றது. சப்பரம் பார்க்கப் போன பொம்பளைகள்கூட ஓர் எட்டு உள்ளே வந்து, கரண்டுக் கோலம், கரண்டுக் கோலம் என்று கன்னத்தில் கை வைத்தார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. சுந்தரம்மாளுக்கும் அன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து மாமனார் கூப்பிட்டுவிட்டார்.

மாமனார் ஆறுமுகச்சாமி, வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, நான்கு வருசம் நடு அறைக் கட்டிலில் கிடந்தார். கெட்ட மனுசர் இல்லை. திட்ட மாட்டார், பழி சொல்ல மாட்டார். கால் உளைச்சல்தான் அவரைத் தின்றது. யாராவது அமுக்கிக்கொண்டே இருந்தால் கண்ணசருவார், கை நின்றால் விழித்துவிடுவார். விழித்தால் கூப்பிடுவார். ராத்திரி பெத்துராஜ் தறி செட்டில் இருப்பான். சுந்தரம்மாள்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அமுக்கி மறு கையால் தன் கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பாள். படுக்கைப் புண்ணுக்குக் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் போட்டாள், வேப்பெண்ணெய் தடவினாள், துணி அலசினாள். தூக்கம் என்ற ஒன்றையே மறந்துபோனாள். கல்யாணத்துக்கு முன்னால், பிறந்த ஊர் குருவிகுளத்தில், படுத்துவிட்ட பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள என்று பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவள் அவள். அந்தக் கட்டிலை விட்டு எழுந்து இந்தக் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்த மாதிரிதான் அவள் வாழ்க்கை.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். கடைசி மாதங்களில், அவள் அடுப்படியில் கைவேலையாக இருந்தால், கிழவர் பேத்தியைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் சாயங்காலம் அவள் எட்டிப் பார்த்தபோது, சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை முதுகில் கிடக்க, முப்பிடாதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கால் அமுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு வளைந்து, தோள் தொங்கி, அச்சு அசல் சுந்தரம்மாள் உட்காருகிற மாதிரியே. சுந்தரம்மாள் பிள்ளையைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்துவிட்டாள். இந்தக் கட்டிலோடு எல்லாம் தீர வேண்டும், இவள் கை புத்தகத்தைத்தான் பிடிக்க வேண்டும், இவளை எந்தக் கட்டில் ஓரத்திலும் உட்கார விடமாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டாள். மாசி மாதம் கிழவர் போய்ச் சேர்ந்தபோது, எல்லோரும் அழுதார்கள், அவளும் அழுதாள். உள்ளே மட்டும் ஒரு குரல் அப்பாடா என்றது. அதை யாரிடம் சொல்ல முடியும்?

விளக்கு விசயம் அதற்குப் பிறகுதான் வந்தது. உடல் கிடந்த இடத்தில் பதினாறாம் நாள் காரியம் வரை ஒரு விளக்கு குளிராமல் எரிய வேண்டும் என்பது வழக்கம். பித்தளை விளக்கு ஒன்றை ஏற்றி வைத்தார்கள். நடு அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் சந்துக்கு அந்தப் பக்கம் நாத்தனார் வள்ளித்தாயின் அடுப்படி. அப்பா விளக்கு எரிகிறதா என்று வள்ளித்தாய் அங்கிருந்தே பார்த்துக்கொள்வாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பெற்ற மகள். எண்ணெய் விட, திரி தூண்ட, முழித்துக் காவல் இருக்க என்று மறுபடியும் சுந்தரம்மாளே அந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஆள் போன பிறகும் அந்த மூலை அவளை விடவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது இருட்டாக இருந்தது. கருகிய திரியின் வாடை மட்டும் மூக்கில் ஏறியது. சந்துக்கு அந்தப் பக்கம் வள்ளித்தாய் பாத்திரம் துலக்க வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தீப்பெட்டி கைக்குச் சிக்கவில்லை. கையில் தட்டுப்பட்டது மகளின் பெட்டிதான். கறுப்புக் காகிதத்தில் மஞ்சள் ஆணிகளை அள்ளி, சுடர் மாதிரி குத்தி, வயரைச் செருகினாள். தூரத்திலிருந்து பார்த்தால் சாட்சாத் விளக்கு. எதிர் ஜன்னலில் நிழல் ஒரு நிமிசம் நின்றது, பிறகு நகர்ந்துவிட்டது.

அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்தது. மறுநாள் அது கொஞ்சம் பழகியது. இந்த விளக்கு எண்ணெய் கேட்காது, திரி கேட்காது, ஆளை எழுப்பாது. உறவுக்காரர்கள் வரும்போது மட்டும் பித்தளை விளக்கை ஏற்றினாள். மற்ற நேரமெல்லாம் அந்த மூலையில் மஞ்சள் ஆணிகள் எரிந்தன, பக்கத்தில் சுந்தரம்மாள் கட்டை மாதிரி தூங்கினாள். பதினாறாம் நாள் பித்தளை விளக்கை எரிய எரியக் கையில் ஏந்திப்போய், ஊருக்கு வெளியே குளத்துத் தண்ணீரில் இறக்கிக் குளிர வைத்தார்கள். அதோடு இறந்தவர் வீட்டை விட்டுப் போய்விடுவார் என்பது நம்பிக்கை. வள்ளித்தாய் குளத்தங்கரையில் புரண்டு அழுதாள். சுந்தரம்மாள் வீட்டுக்கு வந்து, வயரைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்டியைப் பலகைமேல் தூக்கி வைத்தாள். அதில் இருந்த ஆணிகளைப் பிடுங்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இப்போது பங்குனி. வெயில் ஓட்டுக் கூரையில் இறங்கி வீட்டை வாட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை ஆணியைப் பிடுங்கிய மறுநாள், அதே துளையில் அது மறுபடி இருந்தது. பக்கத்தில் இன்னும் சில வெள்ளைகள், கோடு இழுத்த மாதிரி வரிசையாக. அவற்றையும் பிடுங்கி டப்பாவில் போட்டு மூடினாள். அடுத்த நாள் கோடு நீண்டிருந்தது. அதன் இரு முனையிலிருந்தும் கீழ்நோக்கி இரண்டு குட்டைக் கோடுகள். பார்த்துக்கொண்டே நின்றாள். தெருவெல்லாம் தறிகள் சடக்குச் சடக்கென்று அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஊர், யாருக்கும் அது காதில் விழாது. அவளுக்கு அன்றைக்கு விழுந்தது. அது ஒரு கட்டில்.

பெத்துராஜ் தூங்கி எழுந்ததும் அவனிடம் சொன்னாள். அவன் பலகையை அண்ணாந்து பார்த்து, கொட்டாவி விட்டு, பிள்ளை ஸ்டூலைப் போட்டு ஏறி விளையாடியிருப்பாள், இதுக்குப் போய் மூஞ்சியை இப்படி வைத்திருக்கிறாயே என்றான். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ராத்திரி முழுக்கத் தறியோடு நிற்கிறவன். அதற்குமேல் சொல்லவேண்டுமானால், விளக்குக் குளிர்ந்துபோனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைப் பிடித்து உட்கார வைத்து, பெட்டியைத் தொட்டாயா என்று கேட்டாள். முப்பிடாதி தலையைத் தூக்கவில்லை.

“நான் அத எடுக்கமாட்டேன்மா. அது தாத்தாக்கு வச்சதுல்லா.”

அப்படி அவளிடம் யாரும் சொன்னதில்லை. பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொல்லிவிட்டிருந்தார். வெயில் என்று நினைத்தாள், வயிற்றில் பூச்சி என்று நினைத்தாள், வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள். அன்றைக்குத் தலை சீவிவிடும்போது பிள்ளையின் கை தற்செயலாகக் கண்ணில் பட்டது. இரண்டு கட்டை விரலும் கன்றிச் சிவந்திருந்தன. உள்ளங்கையில் தைல வாடை அடித்தது. மாமனாரின் தைலப் புட்டியை அவள் காரியத்தன்றே குப்பையில் போட்டிருந்தாள். விளையாட்டில் எங்கேயாவது தேய்த்திருப்பாள், பக்கத்து வீட்டில் யாருக்காவது தடவியிருப்பாள். இப்படி ஒவ்வொன்றாகத் தனக்கே சொல்லிக்கொண்டு சடையைப் பின்னி முடித்தாள்.

பெட்டியின்மேல் துண்டைப் போட்டு மூடினாள். நடு அறை ஜன்னலைச் சாத்தி, கதவையும் சாத்தினாள். மத்தியானம் அடுப்படித் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாலும், தறிச் சத்தத்துக்கு நடுவே அந்த இன்னொரு சத்தம் வந்தது. பொட். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு, பொட். காகிதம் துளைபடுகிற சத்தம். எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பாள், உடம்பு எழாது. இத்தனை வருசம் அந்த அறையிலிருந்து வந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்த உடம்பு. இப்போது எழமாட்டேன் என்று கிடந்தது. கிடந்தபடியே காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் துண்டை எடுத்தபோது கட்டிலின்மேல் ஆள் படுத்திருந்தார். நீல ஆணிகளால் ஆன ஆள். தலை, நெஞ்சு, நீட்டிய கால்கள். ஒரு கை மட்டும் மடங்கி விறைத்திருந்தது, விழுந்துபோன பக்கத்துக் கை. கட்டில் ஓரத்தில் பச்சை ஆணிகள் கொஞ்சம், இன்னும் வடிவம் வரவில்லை. ஆனால் எந்த வடிவம் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வளைந்த முதுகு. தொங்கும் தோள். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவளுக்கு அந்த நேரத்தில் பயமே வரவில்லை. மகா அலுப்பு ஒன்றுதான் வந்தது.

“நான்தான? சரி. இருந்துட்டுப் போறேன்” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

சொன்னதற்கு ஏற்ற மாதிரி அன்று முழுக்க அந்தச் சத்தம் வரவில்லை. அவள் கொஞ்சம் சோறும் சாப்பிட்டாள். நம்மைத்தான் கேட்கிறார், கேட்டுவிட்டுப் போகட்டும், பிள்ளையை விட்டுவிட்டால் போதும் என்று ஒருவிதமாக மனதைத் தேற்றிக்கொண்டாள். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த முப்பிடாதிக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு, முறத்தை எடுக்க உள்ளே போனாள். துண்டு தரையில் விழுந்து கிடந்தது. பச்சை உருவம் முடிந்திருந்தது. முதுகு வளைந்து, தோள் தொங்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. ஆனால் சின்ன உருவம். முதுகில் இரண்டு சடை இறங்கியது. ஒவ்வொரு சடையின் நுனியிலும் ஒரு சிவப்பு ஆணி.

சுந்தரம்மாள் பெட்டியைப் பலகையிலிருந்து இழுத்தாள். கை கொண்ட மட்டும் ஆணிகளைப் பிடுங்கினாள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. எல்லாம். மஞ்சளையும் விடவில்லை. நகக்கண் கிழிந்தது. ஒவ்வொரு ஆணியும் சூடாக இருந்தது, அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி. ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள். கறுப்புக் காகிதத்தில் துளைகள் மட்டும் இருந்தன. கட்டிலாக, ஆளாக, பிள்ளையாக, துளைகள். காகிதத்தைக் கிழிக்கப் போனாள். சூட்டில் அது பெட்டியோடு ஒட்டிப்போய் வர மறுத்தது. பெட்டியை மறுபடி பலகைமேல் ஏற்றிவிட்டு, மகளிடம் முன்வாசலிலேயே உட்கார்ந்து படி, நான் வருகிற வரைக்கும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு, சந்துக்கு அந்தப் பக்கம் வள்ளித்தாய் வீட்டுக்கு ஓடினாள்.

வள்ளித்தாய் அடுப்படியில் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். பொழுது இறங்குகிற நேரம். சுந்தரம்மாளின் முகத்தைப் பார்த்ததும் திரியைக் கீழே வைத்தாள்.

“மயினி, மாமா விளக்கு எட்டாம் நாளே குளிர்ந்து போச்சு. நான் தூங்கிட்டேன். நீங்க ஜன்னல் வழியா பாத்தது விளக்கு இல்ல. புள்ளையோட ஆணிப்பெட்டி.”

பிறகு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். வெள்ளை ஆணி, கட்டில், நீல ஆள், ரிப்பன், பிள்ளையின் விரல். வள்ளித்தாய் கத்துவாள், முடியைப் பிடிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். வள்ளித்தாய் எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசியபோது குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

“அப்பம், எங்க அப்பா இன்னும் அங்கனதான் இருக்காவளா?”

சுந்தரம்மாள் தலையை ஆட்டினாள். வள்ளித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வயசில் மூத்தவள், இந்த மாதிரி காரியங்கள் தெரிந்தவள். எந்த விளக்கைப் பார்த்து அப்பா இருந்தாரோ அந்த விளக்கைத்தான் குளத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பித்தளை விளக்கைக் கொண்டுபோய் என்ன பிரயோசனம் என்றாள். இன்றைக்கே போய்விடலாம், தண்ணீரில் இறக்கிக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்றாள். சுந்தரம்மாளுக்கு மூச்சு வந்தது. எழுந்துகூட விட்டாள். அப்போதுதான் வள்ளித்தாயின் முகம் மாறியது.

“எரிய எரியல்லா கொண்டு போகணும்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டியின் வயர் பிளக்கிலிருந்து நிலைப்படி வரைகூட வராது. அதற்கு அப்பால் எடுத்தால் அது வெறும் பிளாஸ்டிக். குளம் எங்கே இருக்கிறது? ஊருக்கு வெளியே இருக்கிறது. கரண்டு விளக்கை எரிய எரிய யாரால் கொண்டுபோக முடியும்? வள்ளித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுந்தரம்மாள் நின்றபடியே இருந்தாள். அவளுக்கு ஒன்றுதான் ஓடியது. இவரை அனுப்பவே முடியாது. இவர் கால் உளைந்துகொண்டே இருக்கும்.

கரண்டு போனது.

முதலில் வடக்குத் தெருவில் தறிகள் நின்றன. பிறகு பக்கத்துத் தெருவில். பிறகு இந்தத் தெருவில், ஒவ்வொரு செட்டாக, சடக்குச் சத்தம் தள்ளாடி, இழுத்து, நின்றது. ஊரே வாயை மூடிக்கொண்டது. காதுக்குள் விர்ரென்று ஓர் இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது. தெருவிளக்கு இல்லை. வீட்டு வெளிச்சம் இல்லை. பங்குனிப் புழுக்கத்தில் இருட்டு உடம்போடு ஒட்டியது.

சந்துக்கு அந்தப் பக்கம், சுந்தரம்மாள் சாத்தி வைத்த நடு அறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம் இருந்தது.

“எரியுதுட்டி” என்றாள் வள்ளித்தாய். பயத்தில் சொன்னாளா சந்தோசத்தில் சொன்னாளா, தெரியவில்லை. “கரண்டு இல்லாம எரியுது. இப்பமே தூக்கிட்டு வா. எரிஞ்சிட்டு இருக்கையிலேயே தூக்கிட்டு வா. நான் தெருமுனையில நிக்கேன்.”

சுந்தரம்மாள் ஓடினாள். இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குள் ஒரு நம்பிக்கை எழும்பியது. போக ஒத்துக்கொண்டுவிட்டார். அதனால்தான் ஏற்றி வைத்திருக்கிறார். தூக்கிக்கொண்டு போனால் போதும், ஒரு தடவை நடந்தால் போதும், பிறகு பிள்ளை தூங்கும், நானும் தூங்குவேன். சந்தில் கால் இடறியது. நிமிர்ந்து ஓடினாள்.

முன்வாசலில் புத்தகப் பை திறந்து கிடந்தது. காப்பி டம்ளர் அப்படியே இருந்தது. பிள்ளை இல்லை.

“முப்பிடாதி?”

நடு அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தைல வாடை. வேப்பெண்ணெய் வாடை. அதற்கு அடியில் சூடான பிளாஸ்டிக் வாடை. உள்ளே போனாள்.

பெட்டி பலகையில் இல்லை. கீழே இருந்தது. கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில், தரையில். வயர் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. ஆணி ஒன்றும் இல்லாத துளைகள் வழியாக வெளிச்சம் வந்தது. வெறும் மஞ்சள் வெளிச்சம். குனிந்து இரண்டு கையாலும் தூக்கினாள். கனத்தது. இத்தனை கனம் அதற்குக் கிடையாது.

“மெதுவாம்மா.”

முப்பிடாதியின் குரல். இருட்டுக்குள்ளிருந்து. அலுத்துப்போன குரல். ஒன்பது வயசுக் குரலில் அந்த அலுப்பு.

“இப்பத்தான் கண்ணசந்திருக்காவ.”

சுந்தரம்மாள் பெட்டியோடு திரும்பினாள். பிள்ளை தரையில் மண்டியிட்டிருந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அமுக்கினாள், விட்டாள். அமுக்கினாள், விட்டாள். கைக்கு அடியில் ஒன்றுமில்லை. கட்டிலைத்தான் காரியத்தன்றே வெளியே போட்டாயிற்றே.

“ஏட்டி, எந்திரி. எந்திரி மக்கா. அம்மா சொல்லுதேன்லா.”

“நீ போய்ப் படும்மா” என்றாள் முப்பிடாதி. கை நிற்கவில்லை. “நீ ரொம்ப நாளா தூங்கல. இனிமே நான் பாத்துக்கிடுதேன்.”

தெருமுனையிலிருந்து வள்ளித்தாய் கூப்பிடுவது கேட்டது. போக வேண்டும். கால் எடுக்க வேண்டும். நிலைப்படி அங்கே. தெரு அங்கே. குளம் அங்கே. சுந்தரம்மாள் ஒரு கால் எடுத்து வைத்தாள். அந்தக் காலில்தான் அது முதலில் ஏறியது. மிருதுவாக. முழங்காலுக்கு, இடுப்புக்கு, கண்ணுக்கு. நான்கு வருசம் அவள் ஏங்கிக் கிடந்த தூக்கம். இமை இரண்டும் ஈயமாகத் தொங்கின. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். நாக்கு அசையவில்லை. பெட்டியைக் கீழே விடவும் முடியவில்லை. சுவரில் முதுகு பட்டது. சரிந்து உட்கார்ந்தாள். பெட்டி மடியில் எரிந்தது.

துளைகள் வழியாகப் போன வெளிச்சப் புள்ளிகள் எதிர்ச் சுவர் வரை எட்டவில்லை. தரையிலும் விழவில்லை. பிள்ளையின் கைகளுக்கு அடியில், கட்டில் உயரத்தில், ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், நீளமாக இரண்டு வரிசையாகப் படிந்து நின்றன. இரண்டு மெலிந்த கால்கள். பிள்ளை அமுக்கும்போது புள்ளிகள் குழிந்தன. விடும்போது மெல்ல எழும்பின. சுந்தரம்மாளின் கண் மூடிக்கொண்டு வந்தது. மூடும் வரைக்கும், அந்தச் சின்னக் கைகள் நிற்காமல் அமுக்கிக்கொண்டிருந்தன.